ரோட்டைத் தோண்டினால் பங்குச்சந்தை நிற்குமா? அதிவேக ஸ்டோரேஜ் நெட்வொர்க்கும் சனிக்கிழமை சோதனையும்

2021 பிப்ரவரி 24, புதன்கிழமை. மறுநாள் எஃப் அண்ட் ஓ மாதாந்திர எக்ஸ்பைரி. சந்தை சூடாக இருக்கும் நேரம். காலை 10 மணிக்குக் கொஞ்சம் பிறகு நிஃப்டி குறியீட்டின் எண்கள் ஒழுங்காக நகரவில்லை. செயலியில்தான் கோளாறு என்று பலரும் நினைத்து, மூடித் திறந்து பார்த்தார்கள். 11.40 மணி வாக்கில் தேசிய பங்குச்சந்தையான என்எஸ்இ, வர்த்தகத்தையே நிறுத்திவிட்டது. மீண்டும் திறந்தது மாலை 3.45-க்கு. 4 மணி நேரத்துக்கும் மேலாக நாட்டின் மிகப்பெரிய பங்குச்சந்தை பூட்டிக் கிடந்தது.

ஹேக்கிங்கா? சைபர் தாக்குதலா? ரெண்டும் இல்லை. என்எஸ்இ அடுத்த மாதம் கொடுத்த விளக்கத்தில் இருந்தது ரொம்பச் சாதாரணமான ஒரு காரணம்: இரண்டு டேட்டா சென்டர்களுக்கு நடுவே உள்ள சாலையில் தோண்டும் வேலை, கட்டுமான வேலை. அதனால் கேபிள் இணைப்பு தடுமாறியது.

கேபிள் அறுவது இந்தியாவில் புதுசா என்ன? அதற்குத்தான் இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் தனித்தனி இணைப்பு வாங்கி வைத்திருந்தார்கள். மெயின் சென்டர், பக்கத்திலேயே ஒரு துணை சென்டர், தூரத்தில் சென்னையில் ஒரு பேரிடர் மீட்பு மையம் என மூன்று அடுக்குப் பாதுகாப்பும் இருந்தது. இத்தனையும் இருந்தும் எப்படி நின்றது என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் 'ஸ்டோரேஜ் நெட்வொர்க்' என்ற, வெளியே யாருக்கும் தெரியாத ஒரு தொழில்நுட்பத்துக்குள் இருக்கிறது.

நின்றது எது?

இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. பங்கு வாங்கும், விற்கும் ஆர்டர்களைப் பொருத்திவைக்கும் இயந்திரம் அன்று பழுதாகவில்லை. பழுதானது, அதன் பின்னால் கணக்குப் பார்க்கும் பகுதி. என்எஸ்இ கிளியரிங் என்ற துணை நிறுவனம்தான் ஒவ்வொரு புரோக்கரும் எவ்வளவு மார்ஜின் கட்டியிருக்கிறார், எவ்வளவு ரிஸ்க் எடுத்திருக்கிறார் என்பதை நொடிக்கு நொடி கணக்கிடுகிறது. அந்த ரிஸ்க் மேனேஜ்மென்ட் சிஸ்டம் நின்றுபோனது. குறியீட்டைக் கணக்கிடும் பகுதியும் கண்காணிப்புப் பகுதியும் கூடவே படுத்தன.

கணக்குப்பிள்ளை இல்லாமல் கல்லாவைத் திறந்து வைக்க முடியாது. யாரிடம் பணம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்று தெரியாமல் ஆயிரக்கணக்கான கோடிக்கு வியாபாரம் நடந்தால், மாலையில் கணக்கு முடிக்கும்போது ஊரே சிக்கலில் மாட்டும். அதனால் நிறுத்தினார்கள். நிறுத்திய முடிவில் தப்பு சொல்ல முடியாது. அந்த நிலைமை வந்ததுதான் தப்பு.

ரிஸ்க் சிஸ்டம் ஏன் நின்றது? அது ஓடிய சர்வர்கள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால், அந்த சர்வர்களுக்கு வேண்டிய டேட்டா இருந்த ஸ்டோரேஜ் திடீரென்று எட்டாமல் போய்விட்டது.

ஸ்டோரேஜ் நெட்வொர்க் என்றால் என்ன?

உங்கள் செல்போனில் மெமரி போனுக்குள்ளேயே இருக்கிறது. போன் உடைந்தால் படங்களும் போச்சு. பெரிய நிறுவனங்கள் அப்படி வைக்க முடியாது. நூற்றுக்கணக்கான சர்வர்கள் ஒரு பக்கம், டேட்டா எல்லாம் சேர்த்து வைக்கிற பெரிய ஸ்டோரேஜ் பெட்டிகள் இன்னொரு பக்கம். இரண்டையும் இணைக்க மட்டுமே ஒரு தனி அதிவேக நெட்வொர்க். ஒரு சர்வர் பழுதானால் இன்னொரு சர்வர் அதே டேட்டாவை எடுத்து வேலையைத் தொடரும். இதைத்தான் 'ஸ்டோரேஜ் ஏரியா நெட்வொர்க்', சுருக்கமாக 'சான்' என்கிறார்கள். வங்கி, ரயில்வே முன்பதிவு, மருத்துவமனை, பங்குச்சந்தை என்று நின்றுபோகக் கூடாத இடங்களில் எல்லாம் இந்த வகை அமைப்பு இருக்கும்.

நாம் வீட்டில் பயன்படுத்தும் இன்டர்நெட்டுக்கும் இதற்கும் ஒரு முக்கியமான வித்தியாசம். வீடியோ பார்க்கும்போது நடுவில் கொஞ்சம் டேட்டா தொலைந்தால் படம் ஒரு நொடி சுற்றும், திரும்ப ஓடும். ஸ்டோரேஜ் நெட்வொர்க்கில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. சர்வரைப் பொறுத்தவரை அது நெட்வொர்க்கே அல்ல. தன் வயிற்றுக்குள் இருக்கிற டிஸ்க். அந்த டிஸ்க் சில நொடிகள் பதில் சொல்லாவிட்டால், சர்வர் பொறுத்துப் பார்த்துவிட்டு 'டிஸ்க் செத்துவிட்டது' என்று முடிவுகட்டிவிடும்.

இந்த வேலைக்காகவே 1990-களில் உருவான தொழில்நுட்பம் 'ஃபைபர் சேனல்'. 1994-ல் தரநிலையாக ஏற்கப்பட்டது. அதன் அடிப்படை விதி நம் ரேஷன் கடை டோக்கன் மாதிரி. வாங்குகிற பெட்டி, 'என்னிடம் இத்தனைக்கு இடம் இருக்கிறது' என்று முதலில் டோக்கன் கொடுக்கும். டோக்கன் கையில் இருந்தால்தான் அனுப்புகிற பெட்டி டேட்டாவை அனுப்பும். அதனால் கூட்டத்தில் நெரிசலாகி டேட்டா கீழே விழுவது கிடையாது. நொடிக்கு 1 கிகாபிட்டில் தொடங்கி 2, 4, 8, 16, 32, 64 என்று வேகம் இரட்டிப்பாகிக்கொண்டே வந்தது.

வேகம் ஏன் திடீரென்று பிரச்சனையானது?

பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு தகவலைத் தேடி எடுக்க சுமார் 10 மில்லி நொடி ஆகும். முள் நகர வேண்டும், தட்டு சுற்றி வர வேண்டும். அந்தக் காலத்தில் நெட்வொர்க் எடுத்துக்கொண்ட நேரம் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. பஸ் வருவதற்கே ஒரு மணி நேரம் ஆகும் ஊரில், பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிற 2 நிமிடத்தை யார் கணக்குப் பார்ப்பார்கள்?

ஃபிளாஷ் மெமரி வந்ததும் கணக்கே மாறியது. அதே வேலை 0.1 மில்லி நொடியில், அதாவது நூறில் ஒரு பங்கு நேரத்தில் முடிகிறது. இப்போது நடக்கிற 2 நிமிடம்தான் பெரிய விஷயம். டிஸ்க்கோடு பேசப் பயன்பட்ட பழைய மொழிகளும் சுழலும் டிஸ்க்கை மனதில் வைத்து எழுதப்பட்டவை. வீட்டுக் கணினிகளில் இருந்த முறையில் ஒரே ஒரு வரிசை, அதில் 32 கட்டளைகள், அவ்வளவுதான். 2011-ல் வந்த 'என்விஎம்இ' என்ற புதிய முறை, சுமார் 65 ஆயிரம் வரிசைகள் வரை அனுமதிக்கிறது. ஒவ்வொரு வரிசையிலும் அதே அளவு கட்டளைகள் காத்திருக்கலாம்.

இந்த மொழியைக் கணினிக்குள் மட்டும் பேசாமல் நெட்வொர்க் முழுக்கப் பேச வைக்கலாமே என்று 2016-ல் ஒரு தரநிலை வந்தது. 2018-ல், அலுவலகங்களில் இருக்கும் சாதாரண ஈதர்நெட் கேபிளிலும் இன்டர்நெட்டின் டிசிபி முறையிலும் இதை ஓட்டும் வழியும் வந்துவிட்டது. ஃபைபர் சேனலுக்குத் தனி ஸ்விட்ச், தனி கார்டு, அதைத் தெரிந்த தனி ஆட்கள் வேண்டும். ஈதர்நெட் என்றால் செலவும் குறைவு, ஆட்களும் நிறைய.

அப்போ எல்லோரும் மாறிவிட்டார்களா என்றால், இல்லை. வங்கிகளும் பங்குச்சந்தைகளும் இந்த விஷயத்தில் ஆமை வேகம். அதற்குக் காரணம் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. 2009-ல் ஃபைபர் சேனலை ஈதர்நெட் கேபிளிலேயே ஓட்டும் ஒரு தரநிலை, 'ஒரே கேபிளில் எல்லாம்' என்ற பெரிய வாக்குறுதியோடு வந்தது. ஆசைப்பட்டு வாங்கியவர்கள் உண்டு. ஆனால் சொன்ன அளவுக்கு அது எங்கும் பரவவில்லை. புதுசு என்றாலே கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கும் பழக்கம் இந்தத் துறைக்கு அப்படித்தான் வந்தது.

சென்னையில் நகல் இருந்தும் மும்பையில் இன்னொன்று எதற்கு?

இங்கேதான் இயற்பியல் குறுக்கே வருகிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு கிலோமீட்டர் போக சுமார் 5 மைக்ரோ நொடி ஆகும். மும்பையிலிருந்து சென்னை, காக்கை பறக்கிற தூரத்திலேயே 1,000 கிலோமீட்டருக்கு மேல். போய்ச் சேர 5 மில்லி நொடி, 'வந்து சேர்ந்தது' என்று பதில் திரும்ப இன்னொரு 5. மொத்தம் 10 மில்லி நொடி. எந்த நிறுவனம், எவ்வளவு விலை கொடுத்து, எந்தப் பெட்டியை வாங்கினாலும் இதைக் குறைக்க முடியாது. ஃபிளாஷ் 0.1-ல் முடிக்கிற வேலைக்கு, சென்னையின் பதிலுக்காக 10 மில்லி நொடி காத்திருந்தால் ஃபிளாஷ் வாங்கியதற்கே அர்த்தம் இல்லை.

அதனால் இரண்டு விதமாக நகல் எடுக்கிறார்கள். பக்கத்து சென்டருக்கு 'உடனுக்குடன்' நகல்: அங்கேயும் எழுதி முடித்த பிறகுதான் இங்கே 'எழுதியாச்சு' என்று சர்வருக்குப் பதில் போகும். மெயின் சென்டர் தீப்பிடித்தாலும் ஒரு வரிகூடத் தொலையாது. தூரத்து ஊருக்கு 'கொஞ்சம் பின்னால்' வரும் நகல்: இங்கே எழுதிவிட்டு, அங்கே மெதுவாக அனுப்புவார்கள். விபத்து நேர்ந்தால் கடைசிச் சில நொடிகளோ நிமிடங்களோ விடுபடலாம். சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதிகளும் இதை ஒட்டியே இருக்கின்றன. பேரிடர் மையம் வேறு நிலநடுக்க மண்டலத்தில் இருப்பது நல்லது, முடியாவிட்டால் குறைந்தது 500 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஒரு தகவலும் தொலையாமல் இருக்க அருகிலேயே இன்னொரு சென்டரும் வேண்டும்.

உடனுக்குடன் நகல் என்ற அந்த ஏற்பாட்டில்தான் 2021-ல் அடி விழுந்தது.

செத்த கேபிளைவிட சாகாத கேபிள் ஆபத்து

கேபிள் சுத்தமாக அறுந்துவிட்டால் விஷயம் சுலபம். ஸ்டோரேஜ் பெட்டி, 'அந்தப் பக்கம் ஆள் இல்லை, இனி நான் தனியாக ஓடுகிறேன்' என்று முடிவெடுத்துத் தொடரும். டெமோ காட்டும்போதும் இதைத்தான் காட்டுவார்கள். ஒரு கேபிளைப் பிடுங்குவார்கள், விளக்கு சிவப்பாகும், வேலை நிற்காது, எல்லோரும் கை தட்டுவார்கள்.

கேபிள் அறுந்தும் அறுகாமலும் இருந்தால்? ஒரு நொடி வரும், அரை நொடி போகும். நூறு தகவலில் 97 போய்ச் சேரும், 3 சேராது. பெட்டி என்ன முடிவெடுக்கும்? அந்தப் பக்கம் ஆள் இருக்கிறார் என்று காத்திருந்தால், இங்கே எழுத வேண்டியவை வரிசையில் குவியும். இல்லை என்று தனியாகக் கிளம்பினால், அந்தப் பக்கத்துப் பெட்டியும் அதே முடிவுக்கு வந்து, இரண்டு பேரும் தனித்தனியாகக் கணக்கு எழுதத் தொடங்கும் ஆபத்து இருக்கிறது. பிறகு எது உண்மையான கணக்கு? இந்தத் துறையில் இதைவிடப் பயங்கரமான கேள்வி கிடையாது. அதனால் பல ஸ்டோரேஜ் பெட்டிகள், சந்தேகம் வந்தால் எழுதுவதையே நிறுத்திவிடும்படி அமைக்கப்பட்டிருக்கும். தப்பாக எழுதுவதைவிட எழுதாமல் இருப்பது மேல் என்ற கொள்கை.

என்எஸ்இ தந்த விளக்கத்தின் சாரம் இதுதான்: பக்கத்து சென்டருடன் தொடர்பு போனாலும் மெயின் சென்டரில் ஸ்டோரேஜ் தொடர்ந்து இயங்க வேண்டும் என்றுதான் வடிவமைப்பு கேட்டிருந்தது. ஆனால் விற்பனையாளர் அமைத்துக் கொடுத்த கோளாறு நேர ஏற்பாடு அந்த வடிவமைப்போடு ஒத்துப்போகவில்லை. இணைப்பு தடுமாறியதும், மெயின் சென்டரின் சர்வர்களுக்கே ஸ்டோரேஜ் கிடைக்காமல் போனது. அதாவது, பாதுகாப்புக்கு வாங்கிய இரண்டாவது பெட்டியின் இணைப்பே முதல் பெட்டியையும் கீழே இழுத்துவிட்டது.

வேகம் கூடக் கூட இந்த அரைகுறைக் கோளாறின் பாதிப்பும் கூடுகிறது. ஃபைபர் சேனலில் ஒரு கேபிளின் முனையில் தூசி படிந்து டோக்கன் சில தொலைந்தால், இணைப்பு 'நன்றாக இருக்கிறது' என்றே பச்சை விளக்கு காட்டும். ஆனால் டேட்டா மட்டும் நத்தை மாதிரி ஊரும். அந்த ஒரு நத்தைக்குப் பின்னால், அதற்குச் சம்பந்தமே இல்லாத சர்வர்களும் வரிசையில் மாட்டிக்கொள்ளும். ஈதர்நெட்டில் ஓடும் சில அதிவேக முறைகளில், ஒரு பொட்டலம் தொலைந்தால் அதற்குப் பின்னால் போனவற்றையும் சேர்த்துத் திரும்ப அனுப்ப வேண்டியிருக்கும். மாட்டு வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறிவிடும். 120-ல் போகிற காரின் கதை வேறு.

டோக்கியோவும் சிங்கப்பூரும்

இதை இந்தியாவின் அலட்சியம் என்று மட்டும் பார்க்க முடியாது. அதற்கு 5 மாதம் முன்பு, 2020 அக்டோபர் 1 அன்று டோக்கியோ பங்குச்சந்தை நாள் முழுக்கத் திறக்கவே இல்லை. 1999-ல் முழுவதும் மின்னணு முறைக்கு மாறிய பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் முறை. காரணம், பகிர்ந்து பயன்படுத்தும் ஒரு ஸ்டோரேஜ் கருவியில் மெமரி பழுதானது. அது நடக்கக்கூடியதுதான், அதற்காகவே ஜோடியாக இரண்டாவது கருவி இருந்தது. ஆனால் தானாக மாற வேண்டியது மாறவில்லை. அந்த வகைப் பழுதுக்கு உடனே மாறும்படி செட்டிங் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. மாறும் என்று கையேட்டில் எழுதியிருந்தது. கருவியின் செயல்பாடு இடையில் மாறியபோது கையேடு திருத்தப்படவில்லை. டோக்கியோ சந்தையின் தலைவர் கோய்ச்சிரோ மியாஹாரா அந்த நவம்பர் இறுதியில் பதவி விலகினார்.

சிங்கப்பூரில் 2010 ஜூலை 5, திங்கட்கிழமை. டிபிஎஸ் வங்கியின் ஏடிஎம், கிளை, இன்டர்நெட் சேவை எல்லாம் அதிகாலையில் படுத்துவிட்டன. மீண்டு வர சுமார் 7 மணி நேரம். வங்கியின் மெயின்ஃபிரேமோடு இணைந்த டிஸ்க் ஸ்டோரேஜில் ஒரு கேபிள் சம்பந்தப்பட்ட வழக்கமான பழுதுபார்ப்பு, பழைய நடைமுறைப்படி செய்யப்பட்டதில் தொடங்கியது அது. சிங்கப்பூர் நாணய ஆணையம் அந்த வங்கியைக் கண்டித்ததோடு, கூடுதலாக சுமார் 230 மில்லியன் சிங்கப்பூர் டாலர் மூலதனத்தை ஒதுக்கி வைக்கச் சொன்னது. ஒரு கேபிளுக்கு உலகில் கொடுக்கப்பட்ட அதிக விலைகளில் அதுவும் ஒன்றாக இருக்கும்.

மூன்றிலும் இரண்டாவது ஏற்பாடு இல்லாமல் இல்லை. அது தேவைப்பட்ட அந்த நேரத்தில், அந்தக் குறிப்பிட்ட விதமான பழுதுக்குக் கைகொடுக்கவில்லை.

டெஸ்ட் என்றால் என்ன டெஸ்ட்?

புது ஸ்டோரேஜ் வாங்கும்போது விற்பனையாளர் காட்டும் எண் பெரும்பாலும் ஒன்றுதான்: நொடிக்கு எத்தனை லட்சம் முறை எழுதும், படிக்கும். அது பொய்யில்லை. புது பைக்கின் மைலேஜ் மாதிரி, காலியான ரோட்டில் அளந்தது.

அதற்கு முன் இன்னொரு கட்டம் உண்டு. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்தில் 'பிளக்ஃபெஸ்ட்' என்ற பெயரில் நடக்கும். ஒருவருக்கொருவர் போட்டியான நிறுவனங்கள் தங்கள் கார்டு, ஸ்விட்ச், ஸ்டோரேஜ் பெட்டிகளை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து மாற்றி மாற்றிச் செருகிப் பார்ப்பார்கள். ஃபைபர் சேனலுக்கும் நடக்கிறது, என்விஎம்இ-க்கும் நடக்கிறது. தரநிலைப் புத்தகத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகப் படித்திருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

ஆனால் இந்த இரண்டு சோதனையும் ஒரு பங்குச்சந்தையைக் காப்பாற்றாது. அங்கே தேவைப்படுவது, ஓடுகிற சிஸ்டத்தை வேண்டுமென்றே நோகடிக்கும் சோதனை. கேபிளைப் பிடுங்குவது போதாது. இணைப்பில் செயற்கையாகத் தாமதத்தைப் புகுத்த வேண்டும், நூற்றுக்கு ஒன்று இரண்டு தகவலை வேண்டுமென்றே தொலைக்க வேண்டும், ஒரு நொடி விட்டு ஒரு நொடி துண்டிக்க வேண்டும். அதையும் ராத்திரி 2 மணிக்கு, சிஸ்டம் காலியாக இருக்கும்போது செய்தால் பாதிப் பயன்தான். வரிசை குவிகிற ஆபத்து லோடு இருக்கும்போதுதான் வெளியே தெரியும். யாருக்குத் துணிச்சல் வரும்? சோதனையில் சிஸ்டம் விழுந்தால், செய்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். சோதனை செய்யாமல் தானாக விழுந்தால் பழி கேபிள் மேல். இந்த மனக்கணக்கு எல்லா அலுவலகங்களிலும் உண்டு.

செபி கை வைத்தது சரியாக இங்கேதான். சம்பவம் நடந்த உடனேயே அது கேட்ட கேள்வி: சென்னை மையத்துக்கு ஏன் மாறவில்லை? 2021 மார்ச்சில் விதிகளை இறுக்கியது. முக்கியமான சிஸ்டம் தடைபட்டால் 30 நிமிடத்துக்குள் அதைப் 'பேரிடர்' என்று அறிவிக்க வேண்டும். அறிவித்த 45 நிமிடத்துக்குள் பேரிடர் மையத்திலிருந்து இயக்கம் தொடங்க வேண்டும். 'இதோ சரியாகிவிடும், இன்னும் 10 நிமிடம்' என்று காத்துக்கொண்டே இருக்கும் வழி அடைபட்டது. தவறினால் நிறுவனத்துக்கு மட்டுமல்லாமல் நிர்வாக இயக்குநருக்கும் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரிக்கும் அபராதம் என்ற விதியும் அந்த ஆண்டே வந்தது. 2021 சம்பவம் தொடர்பான செபி நடவடிக்கையை 2023 ஜூனில் என்எஸ்இ-யும் என்எஸ்இ கிளியரிங்கும் சேர்ந்து 72 கோடி ரூபாய்க்கு மேல் கட்டி, செட்டில்மென்ட் முறையில் முடித்துக்கொண்டன.

சனிக்கிழமை எதற்குச் சந்தை திறந்தது?

2024 மார்ச் 2, மே 18. இரண்டும் சனிக்கிழமை. இரண்டு நாளும் சந்தை சிறிது நேரம் திறந்தது பலருக்கும் ஞாபகம் இருக்கும். 'லீவு நாளிலும் விடமாட்டேங்கிறாங்க' என்று சமூக ஊடகங்களில் மீம் போட்டவர்களும் உண்டு. உண்மையில் அது வியாபாரத்துக்காக அல்ல. மார்ச் 2 அன்று 9.15 முதல் 10 மணி வரை மெயின் சென்டரிலிருந்து வர்த்தகம். பிறகு இடைவேளை. 11.30 முதல் 12.30 வரை பேரிடர் மையத்திலிருந்து வர்த்தகம். உண்மையான பணம், உண்மையான ஆர்டர்கள், ஒரே நாளில் இடம் மாற்றம். விலை தாறுமாறாகப் போகாமல் இருக்க 5 சதவீத வரம்பும் வைத்திருந்தார்கள்.

ஒத்திகைகளில் இது ஒரு நல்ல படி. ஊழியர்கள் மட்டும் பங்கேற்கும் உள் ஒத்திகையில் தெரியாத பல விஷயங்கள் புரோக்கர்கள், வங்கிகள் எல்லோரும் சேரும்போது வெளியே வரும். ஒரு புரோக்கர் சென்னை முகவரிக்குத் தன் இணைப்பைச் சரியாக அமைத்திருக்கிறாரா என்பது உட்பட.

ஆனாலும் ஒரு குறை இருக்கிறது. நடுவில் ஒன்றரை மணி நேரம் இடைவேளை விட்டு, எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லி, நிதானமாக மாறிய மாற்றம் அது. 2021-ல் நடந்தது அப்படியா? ஓடிக்கொண்டிருக்கும்போதே கால் தடுக்கியது. அறிவிப்பில்லாமல், சந்தை நேரத்தில், இணைப்பைத் தடுமாற வைத்துப் பார்க்கும் சோதனையோடு ஒப்பிட்டால் சனிக்கிழமை சோதனை கொஞ்சம் சுலபமான தேர்வுதான். நடத்தாமல் இருந்ததற்கு இது எவ்வளவோ மேல் என்பதையும் மறுக்க முடியாது.

சரி, இதுல நமக்கென்ன?

2021-ல் அடி வாங்கியது பெரிய நிறுவனங்களைவிட இன்ட்ராடே செய்த சின்ன முதலீட்டாளர்கள்தான். என்எஸ்இ எப்போது திறக்கும் என்ற தகவல் தெளிவாக இல்லை. வழக்கமான சந்தை நேரம் 3.30-க்கு முடிகிறது. பல புரோக்கர்கள் ரிஸ்க் எடுக்க விரும்பாமல், வாடிக்கையாளர்களின் இன்ட்ராடே பொசிஷன்களை மும்பை பங்குச்சந்தையான பிஎஸ்இ-யில் ஸ்கொயர் ஆஃப் செய்துவிட்டார்கள். பிறகு 3.45-க்கு என்எஸ்இ திறந்தது. 5 மணி வரை நேரம் நீட்டிக்கப்பட்டது. அந்தக் கடைசி நேரத்தில் சந்தை வேகமாக ஏறியது. சென்செக்ஸ் 1,030 புள்ளிகள் உயர்ந்து 50,781-லும், நிஃப்டி 274 புள்ளிகள் உயர்ந்து 14,982-லும் முடிந்தன. ஏறும் என்று வாங்கி வைத்தவர்கள், அந்த ஏற்றத்துக்கு முன்பே வெளியே தள்ளப்பட்டிருந்தார்கள். யாரிடம் போய்க் கேட்பது?

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2024 நவம்பரில் செபி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, 2025 ஏப்ரல் 1 முதல் என்எஸ்இ-யும் பிஎஸ்இ-யும் ஒன்றுக்கொன்று மாற்று இடம். ஒரு சந்தை விழுந்தால் 75 நிமிடத்துக்குள் செபிக்கும் மற்ற சந்தைக்கும் சொல்ல வேண்டும். சொன்ன 15 நிமிடத்துக்குள் மற்றது மாற்று ஏற்பாட்டைத் தொடங்க வேண்டும். பேரிடர் அறிவிக்க 30, மீண்டு வர 45. கூட்டிப் பார்த்தால் அதே 75. ஒரு சந்தையில் மட்டும் பட்டியலிடப்பட்ட பங்குகளுக்கு, மற்ற சந்தையில் முன்கூட்டியே தயாராக வைத்திருக்கும் ஏற்பாடும் இதில் அடக்கம்.

ஒன்று தெளிவாகத் தெரிந்துகொள்ளலாம். சந்தையின் ஸ்டோரேஜ் நின்றாலும் உங்கள் டீமேட் கணக்கில் இருக்கும் பங்குகளுக்கு ஒன்றும் ஆகாது. அவை என்எஸ்டிஎல், சிடிஎஸ்எல் என்ற டெபாசிட்டரிகளில் தனியாகப் பதிவாகி இருக்கின்றன. நீண்டகால முதலீட்டாளருக்கு 4 மணி நேரம் சந்தை நின்றால் ஒரு டீ குடிக்க நேரம் கிடைத்தது, அவ்வளவுதான்.

ஆபத்து, அன்றைக்கே வாங்கி அன்றைக்கே விற்பவர்களுக்கும் ஆப்ஷன் விற்பவர்களுக்கும்தான். உங்கள் புரோக்கர் சந்தை நின்றால் என்ன செய்வார்? எத்தனை மணிக்கு உங்கள் பொசிஷனை மூடுவார்? உங்களைக் கேட்பாரா? கணக்குத் தொடங்கும்போது படிக்காமல் 'ஓகே' அழுத்திய அந்த விதிமுறைப் பக்கத்தில் இதற்குப் பதில் இருக்கும். உங்கள் கணக்கில் பிஎஸ்இ பிரிவும் செயல்பாட்டில் இருக்கிறதா என்பதையும் இப்போதே செயலியில் பார்த்து வைத்துக்கொள்ளலாம். அடுத்த முறை சனிக்கிழமை சிறப்பு வர்த்தகம் என்று எஸ்எம்எஸ் வந்தால், 11.30-க்கு மேல் ஒரே ஒரு பங்குக்கு ஆர்டர் போட்டுப் பாருங்கள். உங்கள் புரோக்கர் அந்த மாற்றத்தைத் தாங்குகிறாரா என்பது உங்களுக்கும் தெரிந்துவிடும்.